ஓடவிடும் முன் ஊகிக்கச் சொல்லுங்கள்: மெய்நிகர் ஆய்வகம் பற்றி வாசகர் கேள்வி – பதில்

இணைய வகுப்புகளில் சிமுலேஷன்களை, அதாவது நிஜத்தில் நடப்பதைத் திரையில் போலச் செய்து காட்டும் நிரல்களைப் பயன்படுத்துவது பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். 'பாவனையாக்கம்', 'உருவகச் செயற்பாடு' என்றெல்லாம் தமிழாக்கங்கள் இருந்தாலும் வகுப்பில் எல்லோர் வாயிலும் புழங்கும் 'சிமுலேஷன்' என்ற சொல்லையே இங்கும் வைத்துக்கொள்கிறோம்.

கேள்வி: மின்சுற்றுப் பாடத்துக்கு, இலவசச் சிமுலேஷன்கள் தரும் ஃபெட் (PhET) இணையதளத்திலிருந்து ஒன்றைக் கொடுத்தேன். மாணவர்கள் இருபது நிமிடம் குஷியாக விளையாடினார்கள், பேட்டரியைத் தீப்பிடிக்க வைத்தார்கள். பிறகு கேள்வி கேட்டால் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இதற்கு ஒரு வீடியோ போட்டிருக்கலாமோ?
— இயற்பியல் ஆசிரியை, உயர்நிலைப் பள்ளி

தீப்பிடிக்க வைப்பதைத் தடுக்காதீர்கள். புதிதாக ஒன்று கையில் கிடைத்தால் முதலில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கத்தான் தோன்றும். 5 நிமிடம் அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அந்த ஆசை தீராமல் பாடத்துக்குள் நுழைந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர்கள் தீ வைத்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் வகுப்பில் குறை விளையாட்டில் இல்லை. எதையும் ஊகிக்காமலே பார்த்ததுதான் குறை. பல்பு மங்கினால் "ஓ, மங்குகிறது" என்று கடந்துவிடுவார்கள். "மங்காது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு மங்கினால்தான் உறுத்தும். ஊகி, பார், விளக்கு என்ற மூன்று படிகளுக்கும் அடிப்படை இந்த உறுத்தல்தான்.

ஒரு மாதிரி தருகிறோம். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, 10 ஓம் மின்தடையுள்ள பல்புகள் இரண்டு. முதலில் ஒரு பல்பை மட்டும் இணைத்து அம்மீட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்: 0.9 ஆம்பியர். இனி கேள்வி: "இரண்டாவது பல்பைத் தொடர் இணைப்பில் சேர்த்தால், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் பல்பு பிரகாசமாகவும் தள்ளி இருப்பது மங்கலாகவும் எரியுமா? இரண்டும் ஒரே அளவா?" எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. வகுப்பில் ஒரு பகுதியினராவது "முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததற்கு" என்று நம்புவார்கள். ஓடவிட்டால் இரண்டிலும் 0.45 ஆம்பியர்தான். மின்னோட்டம் பாதியானது சரி, ஒளி பாதியாகுமா? அதையும் ஊகிக்கச் சொல்லுங்கள். ஒரு பல்பு மட்டும் எரிந்தபோது திறன் 8.1 வாட், இப்போது ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 2 வாட், அதாவது கால்பங்கு.

அடுத்து பக்க இணைப்பு. "பேட்டரியிலிருந்து வரும் மொத்த மின்னோட்டம் கூடுமா, குறையுமா, மாறாதா?" பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்று நினைப்பவர்கள் "மாறாது" என்பார்கள். அம்மீட்டர் 1.8 காட்டும்.

இங்கே ஒரு புத்திசாலி மாணவர், "நிஜ பேட்டரியில் இரண்டாவது பல்பைப் பக்க இணைப்பில் போட்டால் முதல் பல்பு லேசாக மங்குகிறதே?" என்று கேட்டால் விட்டுவிடாதீர்கள், பாடத்தின் சுவையான இடமே அதுதான். அந்தச் சிமுலேஷனில் பேட்டரியின் அகமின்தடையை மாற்றும் வசதி இருக்கிறது. அதை 2 ஓம் என்று வைத்தால், ஒரு பல்புக்கு 0.75 ஆம்பியர், இரண்டாவதைப் பக்க இணைப்பில் சேர்த்ததும் ஒவ்வொன்றுக்கும் 0.64 ஆம்பியர்தான். மங்கல் திரையிலேயே தெரியும். வீடியோ போட்டிருந்தால் அந்த மாணவரின் கேள்வியைச் சோதித்துப் பார்க்க வழி இருந்திருக்காது.

கேள்வி: ஒரு மணி நேர வகுப்பில் சிமுலேஷனுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம்? பயிற்சித்தாளில் ஒவ்வொரு படியாக எழுதித் தருகிறேன். ஆனாலும் பாதிப் பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள்.
— அறிவியல் ஆசிரியர், நடுநிலைப் பள்ளி

ஒவ்வொரு படியாக எழுதித் தருவதே அவர்களை நிறுத்துகிறது. "நழுவுபட்டையை 5-க்கு நகர்த்து, பொத்தானை அழுத்து, வரும் எண்ணை எழுது" என்று 18 படிகள் இருந்தால் அது சமையல் குறிப்பு. 7-ஆம் படியில் பொத்தான் கண்ணில் படவில்லையென்றால் 8-ஆம் படிக்குப் போக முடியாது. போக முடிந்தவர்களும் யோசிக்காமலே முடித்துவிடுவார்கள். மறுகோடியாக, "ஆராய்ந்து கண்டுபிடியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டாலும் ஆகாது. பாடத்துக்குப் புதியவர்கள் ஒரே நேரத்தில் மூன்று அளவுகளை மாற்றிவிட்டு, எதனால் எது மாறியது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

நடுவழி இது: பொத்தான்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாதீர்கள், இலக்கை எழுதுங்கள். "ஒரு பல்பின் ஒளியைக் குறைக்க எத்தனை வழிகள் கண்டுபிடிக்க முடியும்? ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுப்படம் வரை." கூடவே ஒரே ஒரு விதி: ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று. அந்த விதியை வாயால் சொன்னால் காற்றில் போய்விடும். அதை அட்டவணையின் வடிவத்திலேயே வைத்துவிடுங்கள்: 'எதை மாற்றினேன்', 'எவற்றை மாற்றாமல் வைத்தேன்', 'என் ஊகம்', 'கண்டது', 'ஏன்' என்று ஐந்து பத்திகள். இரண்டாவது பத்தி காலியாக இருந்தால் சோதனை செல்லாது என்று சொல்லிவிடுங்கள்.

60 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம். சும்மா விளையாட 5, முதல் ஊகத்தை எழுத 5, குழுவாகச் செய்ய 20, மொத்த வகுப்பும் கூடிப் பேச 15, தனியாக ஒரு புதுக் கேள்விக்கு விடை எழுத 10, மீதி 5 நிமிடம் தொழில்நுட்பச் சிக்கல்களுக்கு. கடைசி 5 நிமிடம் மிச்சமாகவே இருக்காது. கூடிப் பேசும் 15 நிமிடத்தை மட்டும் எதற்காகவும் வெட்டாதீர்கள். நேரம் போதாவிட்டால் குழுவேலையில் ஒரு சோதனையைக் குறையுங்கள்.

குழுவுக்கு 3 பேர் போதும். ஐந்து பேரைப் போட்டால் இரண்டு பேர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சிமுலேஷனை இயக்கித் திரையைப் பகிரட்டும், ஒருவர் அட்டவணையை நிரப்பட்டும், மூன்றாமவரின் வேலை ஒவ்வொரு முடிவுக்கும் "ஏன்?" என்று கேட்பது. அடுத்த சோதனையில் பொறுப்புகளைச் சுழற்றுங்கள். இணைய வகுப்பின் தனியறைகளுக்கு (பிரேக்அவுட் ரூம்) பிரிந்த பிறகு, நீங்கள் முதன்மை அறையில் காட்டிய திரை பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது. அதனால் கேள்வித்தாள் ஏற்கெனவே அவரவர் கையில் இருக்க வேண்டும். "இப்போ என்ன செய்யணும்?" என்று ஒவ்வொரு அறையிலும் கேட்டுக்கொண்டிருப்பதற்குக் காரணம் அநேகமாக இதுதான்.

கேள்வி: என் வகுப்பில் 120 பேர். கேள்வி கேட்டால் வழக்கமான நான்கு பேர்தான் பதில் சொல்கிறார்கள். இத்தனை பேரை வைத்துக்கொண்டு செயல்வழிக் கற்றல் எல்லாம் நடக்கிற காரியமா?
— கல்லூரி விரிவுரையாளர்

நடக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சகமாணவர் கற்பித்தல் முறை, பெரிய வகுப்புகளுக்காகவே வந்தது. பலவிடைக் கேள்வி ஒன்றைப் போடுங்கள். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து வாக்களிக்கட்டும். முடிவை அவர்களுக்குக் காட்டாமல் நீங்கள் மட்டும் பாருங்கள். சரியான விடை 30 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் பேசவிட்டுப் பயனில்லை, தெரியாதவர்கள் தெரியாதவர்களோடு பேசுவார்கள். பாடத்தையே மறுபடி தொடுங்கள். 70-க்கு மேல் என்றால் ஓரிரு வரியில் விளக்கிவிட்டு நகருங்கள். இடையில் இருந்தால்தான் விருந்து. இரண்டு மூன்று பேராகப் பிரித்து 3 நிமிடம் விவாதிக்கவிட்டு, அதே கேள்விக்கு மறுபடி வாக்களிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகே சிமுலேஷனை ஓடவிடுங்கள்.

எல்லாம் கேள்வியின் தரத்தில் இருக்கிறது. "நேராக மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு?" என்பது நல்ல கேள்வி. சுழி, கீழ்நோக்கி 9.8, மேல்நோக்கி 9.8 என்று விடைகளைக் கொடுத்தால், வேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று நினைப்பவர்கள் கூட்டமாக முதல் விடையில் விழுவார்கள். தவறான விடைகள் மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் தவறுகளாக இருக்க வேண்டும். ஒப்புக்குச் சேர்த்த விடையை யாரும் தொடமாட்டார்கள். பிறகு எறிபொருள் சிமுலேஷனில் வேக அம்பையும் முடுக்க அம்பையும் காட்டச் செய்து ஓடவிடுங்கள். வேக அம்பு சுருங்கி மறைந்து கீழ்நோக்கித் திரும்பும். முடுக்க அம்பு கடைசிவரை அசையாது.

வாக்களிக்கும் செயலி இல்லையென்றால் சாட் பெட்டியே போதும். "விடையைத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பாதீர்கள்" என்று 45 வினாடி கொடுத்துவிட்டு, மூன்று எண்ணியதும் எல்லோரையும் ஒன்றாக அனுப்பச் சொல்லுங்கள். விடைகள் அருவி மாதிரி கொட்டும். முதலில் அனுப்பிய கெட்டிக்காரரைப் பார்த்து மற்றவர்கள் காப்பியடிக்க நேரம் இருக்காது.

கேள்வி: தனி ஊசல் சிமுலேஷன் செய்து அறிக்கை அனுப்பச் சொன்னால் எல்லா அறிக்கையும் ஒரே அச்சு. சில அறிக்கைகள் செயற்கை நுண்ணறிவு எழுதியவை என்று பார்த்ததுமே தெரிகிறது.
— மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்

எல்லோருக்கும் ஒரே அளவைக் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே விடைதான் வரும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஊசலின் நீளத்தை வரிசை எண்ணோடு கட்டிவிடுங்கள்: 40 செ.மீ.யோடு, வரிசை எண்ணின் கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கிக் கூட்டிக்கொள்ளட்டும். கடைசி இலக்கம் 5 என்றால் 65 செ.மீ. சரிபார்ப்பு உங்களுக்கு எளிது. பத்தே விடைகள்தான், 65 செ.மீ.க்கு அலைவு நேரம் ஏறக்குறைய 1.62 வினாடி.

ஆனால் இந்த 1.62-ஐச் சூத்திரத்தில் போட்டே எழுதிவிடலாம், சிமுலேஷனைத் திறக்கவே வேண்டாம். அதனால் கேள்வியைச் சூத்திரம் பொய்க்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். "வீச்சுக் கோணத்தை 10, 30, 60, 90 பாகை என்று மாற்றி அலைவு நேரத்தை அள." அலைவு நேரம் வீச்சைச் சார்ந்ததல்ல என்று மனப்பாடம் செய்தவர் நான்கு இடத்திலும் 1.62 என்று எழுதி மாட்டிக்கொள்வார். அளந்தவருக்கு 1.62, 1.65, 1.74, 1.91 என்ற அளவில் கிடைக்கும். அந்த விதி சிறிய வீச்சுகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பது அவருக்கு இனி மறக்காது.

இன்னொன்று, ஃபெட்டின் ஊசல் சிமுலேஷனில் ஈர்ப்பு முடுக்கம் சொல்லப்படாத கோள் ஒன்று இருக்கிறது. ஐந்து நீளங்களுக்கு அலைவு நேரத்தை அளந்து, அதன் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடமாக்கி, சாய்விலிருந்து அந்தக் கோளின் ஈர்ப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நீளத்தை மீட்டரில் எடுத்தால் பூமியில் அந்தச் சாய்வு 4.02 வரும் என்பதை முதலில் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

சிமுலேஷன் தரும் எண்கள் சலவை செய்தது போல் இருக்கும், பிழையே இராது. அது ஒரு குறைதான். தானியங்கிக் கடிகாரத்தை அணைத்துவிட்டு, நிறுத்துக் கடிகாரத்தைக் கையாலேயே இயக்கி ஓர் அலைவுக்கும் 10 அலைவுக்கும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள். விரல் தாமதம் 0.2 வினாடி என்று வைத்தால், ஓர் அலைவில் அது பெரும்பிழை. பத்து அலைவுகளை அளந்து பத்தால் வகுத்தால் 0.02 வினாடியாகச் சுருங்கிவிடும். இந்த விவரம் அறிக்கையில் ஒவ்வொருவருக்கும் வேறாகத்தான் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால், வாரம் ஐந்து பேரைக் குலுக்கல் முறையில் அழைத்து ஆளுக்கு இரண்டு நிமிடம், அவர்களே திரையைப் பகிர்ந்து செய்து காட்டச் சொல்லுங்கள். மென்பொருள் வைத்து யார் எழுதியது என்று துப்பறிவதைவிட இது மலிவு, நியாயமும்கூட.

கேள்வி: மெய்நிகர் ஆய்வகம் இருந்தால் நிஜ ஆய்வகம் வேண்டாம் என்று நிர்வாகம் சொல்கிறது. என்ன பதில் சொல்வது?
— வேதியியல் துறை ஆசிரியர்

நிர்வாகம் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். 2005-இல் வெளியான கொலராடோ பல்கலைக்கழக ஆய்வில், மின்சுற்றுச் சிமுலேஷனில் பயின்றவர்கள் நிஜக் கருவிகளில் பயின்றவர்களைவிடக் கருத்துக் கேள்விகளில் மேலாகச் செய்தார்கள். நிஜச் சுற்றை இணைப்பதிலும் அவர்கள் பின்தங்கவில்லை, முந்தினார்கள். கம்பி தளர்ந்ததா, பல்பு பழுதா என்று தேடுவதில் நேரம் போகவில்லை என்பதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்லலாம்.

ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியது கருத்தா, கைத்திறனா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் துறையிலிருந்தே எடுத்துக்காட்டு: தரம் பார்த்தல் (டைட்ரேஷன்). கூம்புக் குடுவையில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி., பியூரெட்டில் அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு. 24.9 மி.லி. விழுந்தபோது பி.எச். சுமார் 3.7. 25.1 மி.லி.யில் 10.3. ஒரு துளி சுமார் 0.05 மி.லி. என்றால் நான்கே துளியில் இந்தத் தாவல். இதை வரைபடத்தோடு கண்ணால் பார்க்கவும், அமிலத்தை வலிமை குறைந்ததாக மாற்றி வளைவு எப்படி உருமாறுகிறது என்று பத்துத் தடவை ஓட்டிப் பார்க்கவும் சிமுலேஷனுக்கு இணை கிடையாது.

ஆனால் அந்த நான்கு துளியை நிறுத்தும் விரல் சிமுலேஷனில் வராது. பியூரெட் முனையில் காற்றுக்குமிழி சிக்கி அளவு கூடிப்போவது, பிறைத்தளத்தை (திரவத்தின் வளைந்த மேல்மட்டத்தை) கண்மட்டத்தில் பார்க்காமல் தவறாகப் படிப்பது, குடுவையைச் சுழற்றாமல் விட்டதால் நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு ஓரிடத்தில் மட்டும் தோன்றி ஏமாற்றுவது, இவை எவையும் திரையில் நடக்காது. ஆகவே நிர்வாகத்திடம் இப்படிக் கேளுங்கள்: கருத்துக்கான சோதனைகளை மெய்நிகராக்குவோம், கைத்திறனுக்கான சோதனைகளை நிஜ ஆய்வகத்தில் வைப்போம், நிஜத்துக்கு முந்தைய நாள் அதையே திரையில் ஒரு தடவை செய்துவிட்டு வரச்சொல்வோம். மேசையில் வீணாகும் வேதிப்பொருளும் நேரமும் குறையும்.

செவிலியர் கல்வியைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். அமெரிக்காவில் 10 செவிலியர் கல்வித் திட்டங்களில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனுக்கு மாற்றினாலும் கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது உண்மைதான். ஆனால் அங்கே சிமுலேஷன் என்பது பொம்மை நோயாளிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் ஒவ்வொரு அமர்வுக்குப் பின் முறையான கலந்தாய்வும் சேர்ந்தது. மடிக்கணினியில் தனியாகச் சொடுக்குவதற்கு அந்த முடிவைச் சான்றாகக் காட்ட முடியாது.

கேள்வி: இந்த முறைக்கு மாறியதிலிருந்து, "சார் பாடமே நடத்துவதில்லை, எங்களையே செய்யச் சொல்கிறார்" என்று மாணவர்கள் புகார் சொல்கிறார்கள்.
— பொறியியல் கல்லூரி ஆசிரியர்

எதிர்பார்த்ததுதான். தெளிவான சொற்பொழிவைக் கேட்கும்போது எல்லாம் புரிந்தது போல் இருக்கும். தானே முட்டி மோதும்போது ஒன்றும் புரியாதது போல் இருக்கும். 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் இதையே அளந்து பார்த்தார்கள். செயல்வழியில் படித்தவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் குறைவாகவே கற்றதாக உணர்ந்தார்கள். அதற்கு முன் 2014-இல், அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சொற்பொழிவு வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டினரும் செயல்வழி வகுப்புகளில் 21.8 விழுக்காட்டினரும் தோல்வியடைந்தது தெரிந்தது.

இந்த எண்களை முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்குக் காட்டுங்கள். மூன்றாவது வாரத்தில் சின்னத் தேர்வு ஒன்று வைத்து மதிப்பெண்ணையும் காட்டுங்கள். புகாரில் நியாயமும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். குழுவேலை முடிந்ததும் 5 நிமிடமாவது நீங்கள் கோவையாகத் தொகுத்துச் சொல்லாமல் வகுப்பை முடித்தால், அது பாடம் நடத்தாததுதான்.

கேள்வி: பெரும்பாலான மாணவர்களிடம் போன் மட்டுமே இருக்கிறது, டேட்டாவும் குறைவு. நான் திரையைப் பகிர்ந்து சிமுலேஷனைக் காட்டினால் படம் தத்தித் தத்தித்தான் போகிறது.
— ஆசிரியப் பயிற்றுநர்

அசையும் படத்தைத் திரைப்பகிர்வில் காட்டாதீர்கள். வீடியோ அழைப்பு நொடிக்குச் சில படச்சட்டங்களைத்தான் (ஃபிரேம்) அனுப்பும், அதற்கும் டேட்டா செலவாகும். சுட்டியை (லிங்க்) அனுப்பி அவரவர் போனில் திறக்கச் சொல்லுங்கள். ஃபெட்டின் புதிய சிமுலேஷன்கள் பிரவுசரிலேயே ஓடும். ஒரே கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையமே வேண்டாம். ஆண்ட்ராய்டில் கோப்பைத் தொட்டதும் வெறும் எழுத்துகளாகத் திறந்தால், 'இதனுடன் திற' என்பதில் பிரவுசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனில் இப்படித் திறப்பது தகராறு. அவர்கள் சுட்டியையே பயன்படுத்தட்டும். போனைப் படுக்கைவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பொத்தான்கள் விரலுக்கு அடங்காது.

பழைய போனில் அழைப்பும் சிமுலேஷனும் ஒன்றாக ஓடினால் சூடேறி இரண்டும் நிற்கும். சோதனையை வகுப்புக்கு முன்பே செய்துவிட்டு, ஊகமும் கண்டதும் எழுதிய அட்டவணையின் போட்டோவோடு வரச்சொல்லுங்கள். நேரடி வகுப்பு விவாதத்துக்கு மட்டும் இருக்கட்டும், கேமரா இல்லாமல் குரல் போதும். பழைய பட்டியல்களில் இருக்கும், ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் ஓடும் சிமுலேஷன்களை மட்டும் நம்பாதீர்கள். 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷுக்கான ஆதரவு முடிந்துவிட்டது.

கேள்வி: சிமுலேஷன் பார்த்த பிறகு என் மாணவர்கள், எலக்ட்ரான்கள் கம்பியில் ரயில் போல் விரைகின்றன என்று எழுதுகிறார்கள்.
— இயற்பியல் ஆசிரியர்

படம் சொன்னதை நம்பியிருக்கிறார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாயும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் அளவுதான். ஒரு மீட்டரைக் கடக்க மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். கம்பி முழுவதும் எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால்தான் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. ஒவ்வொரு சிமுலேஷன் முடிந்ததும் "இந்தப் படத்தில் நிஜத்துக்கு ஒவ்வாதது எது?" என்று ஒரு கேள்வி போடுங்கள். எலக்ட்ரானின் நிறம், அளவு, எண்ணிக்கை, வேகம் என்று அவர்களே பட்டியலிடுவார்கள்.

கேள்வி: புள்ளியியலும் பொருளியலும் நடத்துகிறேன். சிமுலேஷன் எல்லாம் அறிவியல்காரர்களுக்குத்தானா?
— கல்லூரி ஆசிரியை

உங்களுக்குத்தான் அது இன்னும் மலிவு. விரிதாள் ஒன்று போதும். ஒரு கட்டத்தில் 1 முதல் 6 வரை சமவாய்ப்பு எண் தரும் 'ராண்ட்பிட்வீன்' சூத்திரத்தை இரண்டு முறை எழுதிக் கூட்டுங்கள். இரண்டு பகடைகளை உருட்டியாயிற்று. அதை 1000 வரிசைக்கு இழுத்துவிட்டு, 7 எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். ஓடவிடும் முன் இரண்டு ஊகங்கள் கேளுங்கள்: 7 எத்தனை வரும்? மறுபடி உருட்டினால் அந்த எண்ணிக்கை எவ்வளவு ஆடும்? முதலாவதற்குச் சிலராவது சரியாக 167 பக்கம் வருவார்கள். இரண்டாவதில்தான் தடுமாற்றம். பெரும்பாலும் 24 வரை கூடவோ குறையவோ ஆடும் என்பதைப் பத்து முறை கணக்கிட வைத்துப் பார்த்தால் திட்டவிலக்கம் என்ற சொல்லுக்கு உயிர் வரும். விரிதாளில் எதைத் தட்டினாலும் எண்கள் மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு முடிவையும் உடனே தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பொருளியலுக்கு, பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-இல் விவரித்த குடியிருப்புப் பிரிவினை மாதிரியை நெட்லோகோ (NetLogo) என்ற சிமுலேஷன் மென்பொருளில் இலவசமாக ஓட்டலாம். ஒவ்வொருவரும் அண்டையில் 30 விழுக்காட்டினராவது தன் நிறத்தவராக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். கடைசியில் ஒரே நிறத்து அண்டை வீட்டார் எத்தனை விழுக்காடு ஆவார்கள்? 35, 40 என்று ஊகிப்பார்கள். ஓடி முடிந்தால் 70-ஐ ஒட்டி நிற்கும். அதன் பிறகு நீங்கள் கேள்வி கேட்க வேண்டியிருக்காது, அவர்களே கேட்பார்கள்.

கேள்வி: விஆர் (மெய்நிகர் உண்மை) தலைக்கவசங்கள் வாங்கலாமா?
— பள்ளி நிர்வாகி

கருத்துப் பாடங்களுக்கு அவசரமில்லை. ஒரே ஆய்வகச் சிமுலேஷனைத் திரையிலும் விஆரிலும் கொடுத்து ஒப்பிட்ட 2019 ஆய்வில், விஆரில் 'அங்கேயே இருப்பது போன்ற' உணர்வு கூடியது, கற்றது குறைந்தது. உடலை அசைத்துப் பழக வேண்டிய பயிற்சிகளுக்கு அது வேறு கணக்கு.

கேள்வி: வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் இருக்கிறார். சிமுலேஷன் நேரத்தில் அவர் சும்மா இருக்க நேர்கிறது.
— வகுப்பாசிரியை

ஃபெட்டின் சில சிமுலேஷன்களில் விசைப்பலகை இயக்கம், ஒலிக்குறிப்பு, திரைவாசிப்பான் படிக்கும் விவரணை ஆகியவை இருக்கின்றன. எல்லாவற்றிலும் இல்லை; அதனால் பாடத்தைத் திட்டமிடும்போதே திரைவாசிப்பானைப் போட்டு, திரையைப் பார்க்காமல் நீங்களே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வசதி இல்லாததென்றால், எந்த அளவை மாற்றினால் எது எவ்வளவு ஆனது என்ற அட்டவணையை முன்கூட்டியே எழுத்துக் கோப்பாக அனுப்புங்கள். ஆனால் கண்டது என்ற பத்தியைத் தனிக் கோப்பாக வைத்து, அவர் தன் ஊகத்தை எழுதிய பிறகே திறக்கட்டும். குழுவில் எந்த அளவை அடுத்து மாற்றுவது என்று தீர்மானிப்பவராக அவர் இருக்கலாம். இயக்குபவர் தான் செய்வதையும் திரையில் மாறுவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும் என்பதை எல்லாக் குழுக்களுக்கும் விதியாக்கிவிடுங்கள்.